கோயில்காட்டில் எடுத்த அட்டெண்டன்ஸ்

அரசாங்கத்துக்கும் பேய்க்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. இரண்டுமே ஆளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பெயர் தெரியாவிட்டால் இரண்டாலும் நம்மை ஒன்றும் செய்ய முடியாது. அரசாங்கத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போன யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். பேயைப் பற்றி என்றால் என்னைக் கேளுங்கள்.

அப்போது நான் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்த சூட்டோடு கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்திருந்தேன். (களத்தையும் தெரியாது, யாரையும் ஒருங்கிணைத்ததும் கிடையாது. வீட்டில் அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கவே என்னால் முடிந்ததில்லை.) எங்கள் கையில் இருந்த திட்டத்தின் பெயர் ‘கல்வராயன் மலை வட்டார சுற்றுச்சூழல் பாதுகாப்பு மற்றும் நீடித்த வளர்ச்சிச் செயல்திட்டம்’. இதை ஒருமுறை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கச்சிராயபாளையத்து டவுன் பஸ் கோமுகி அணையைத் தாண்டிவிடும். திட்டப் புத்தகம் செங்கல் கனம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனபோது அம்மா அதை ஊறுகாய் ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டாள். புத்தகத்தில் காடு பச்சையாகவும் ஊற்றுகள் நீலப் புள்ளிகளாகவும் இருந்தன. மூடுபனிக்கு யாரும் எந்த நிறமும் ஒதுக்கவில்லை.

எனக்குக் கிடைத்த நீலப் புள்ளி சின்னப்பாறை என்ற மலைக்கிராமம். (ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன். இனிமேல் எந்தப் பெயரையும் உரக்கச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.) வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் இறங்கி, மரவள்ளிக் காட்டு ஓரமாக மேலே ஏறினால் ஊர் வரும். ஊருக்குப் பின்னால் ஒரு கோயில்காடு. கோயில் என்று தேடாதீர்கள், கோபுரமும் இல்லை, சிலையும் இல்லை. வெறும் மரங்கள். நடுவில் ஊருக்கே குடிதண்ணீர் கொடுக்கும் ஒரு ஊற்று. அது வருஷத்துக்கு வருஷம் இளைத்து, அந்தத் தை மாதத்தில் ஒரு குடம் நிறைய ஒரு சீரியல் முடிகிற நேரம் பிடித்தது.

திட்டம் எளிதானதுதான். ஊற்றைத் தூர் வாருவது, அதற்கு மேலே உள்ள சரிவில் மழைநீர் நிற்பதற்குக் குறுக்குப் பள்ளங்கள் வெட்டுவது. சித்திரையில் கோடை மழை வருவதற்குள் வெட்டி முடித்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், ஊற்று பிழைக்கும். தவறவிட்டால் அந்தக் கோடையோடு ஊற்று கண் மூடிவிடும். அப்புறம் ஊர் ஜனங்கள் கீழே ஓடையில் இறங்கித்தான் தண்ணீர் மோந்து வரவேண்டும்.

ஊர் ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. வேலைக்குழுவின் தலைவி ராசாத்தி அக்கா முதல் நாளே என்னைக் காட்டு எல்லைக் கல்லின் முன்னால் நிறுத்தி அதைச் சொன்னார். ராசாத்தி அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை. முறைப்பதிலேயே பல ரகம் வைத்திருந்தார்.

“செருப்ப இங்கயே வுட்டுடுங்க மேடம். உள்ள போனா யாரையும் பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது. கைதான் தட்டணும்.”

“ஏன்க்கா?”

“உள்ள இருக்கறது பேரக் கத்துக்கும்.”

“உள்ள இருக்கறது எதுக்கா?”

“அதுக்குப் பேர் இருந்தா நாங்க சொல்ல மாட்டமா?”

அப்படித் தவறிப்போய் யாராவது பேர் சொல்லிவிட்டால்? சொல்லப்பட்டவர் பதில் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட வேண்டும். ஆடித் திருவிழா வரை உள்ளே கால் வைக்கக் கூடாது. ஆடிக்குள் அது பேரை மறந்துவிடும். நான் பணிவாகத் தலையை ஆட்டினேன். எங்கள் பயிற்சி வகுப்பில் ‘உள்ளூர் நம்பிக்கைகளுக்கு மதிப்பளிக்க வேண்டும்’ என்று சொல்லியிருந்தார்கள். மதிப்பளிப்பது என்றால் தலையாட்டுவது என்று நான் புரிந்துகொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒழுங்காகத்தான் இருந்தேன். காலையில் எல்லைக் கல்லுக்கு வெளியே நின்று அட்டெண்டன்ஸ் எடுத்துவிடுவேன். அப்புறம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போவோம். அந்தக் காட்டில் மண்வெட்டிச் சத்தமும் கைதட்டலும் தவிர வேறு சத்தமே கிடையாது. குருவிகூட எல்லைக்கு வெளியே உட்கார்ந்துதான் கத்தும். சில சமயம் நம் பக்கத்தில் யாரும் தட்டாமலேயே சரிவுக்கு மேலே ஒரு கைதட்டல் கேட்கும். எதிரொலி என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொள்வேன். நாம் தட்டாதபோது எதிரொலி எப்படி வரும் என்று கேட்கிற அளவுக்கு நான் படித்திருக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. எங்கள் அதிகாரி ஒருநாள் போன் செய்தார். அவரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் எங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஆண்களுக்கு ‘ஏம்பா’, பெண்களுக்கு ‘ஏம்மா’. என் பெயர் கலைவாணி என்பது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

“ஏம்மா, நாளைக்கு சென்னையிலருந்து நம்ம திட்டத்துக்குப் பணம் ஒதுக்கற மேடம் வராங்க. நான் கூட்டிக்கினு மேல வரேன். அதுக்குள்ள நீ ஒரு வீடியோ எடுத்து வெச்சிடு. வேல நடக்கற எடத்துல நின்னு ஒவ்வொருத்தர் பேராக் கூப்புடணும், அவங்க ‘உள்ளேன்’னு சொல்லணும்.”

“சார், அங்க உள்ள பேர் சொல்லக் கூடாதாம் சார்...”

“அப்ப நம்பர் சொல்லியா கூப்புடுவ? மனுசங்கம்மா அவங்க.”

“இல்ல சார், அவங்க நம்பிக்க...”

“இத பாரும்மா. போன தடவ வேற எடத்துல ஆளே வராம வேலை நடந்த மாதிரி காட்டிட்டாங்கன்னு புகார் ஆயிடுச்சி. மேடம் வீடியோ இல்லாம கையெழுத்துப் போட மாட்டாங்க. கையெழுத்து இல்லன்னா திட்டமும் இல்ல, அடுத்த வருசம் உனக்கு வேலையும் இல்ல. புரியுதா?”

நன்றாகவே புரிந்தது. எனக்கு வேலை இல்லை என்றால் வீட்டில் கட்டித் தயாராக வைத்திருக்கும் ஜாதகக் கட்டு அன்றைக்கே அவிழும். போன மாதமே கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையின் போட்டோவை அப்பா டிவி மேல் சாய்த்து வைத்திருந்தார். நான் எந்தச் சேனல் பார்த்தாலும் அவரும் கூடவே என்னைப் பார்ப்பார்.

ராசாத்தி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவாரே! இரவெல்லாம் யோசித்து ஒரு அபாரமான தர்க்கத்தைக் கண்டுபிடித்தேன். கூப்பிடுவது வேறு, அட்டெண்டன்ஸ் எடுப்பது வேறு. கூப்பிட்டால் ஆள் வரவேண்டும். அட்டெண்டன்ஸுக்கு யாரும் வரவேண்டியதில்லை, இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தால் போதும். (முதுகலைப் பட்டம் வாங்கினால் மூளை இப்படியெல்லாம் வேலை செய்யும்.)

மறுநாள் நன்றாக வெயில் ஏறியிருக்க வேண்டிய நேரம். வெயில் வரவில்லை. மூடுபனி இறங்கிக் காட்டை மூடியிருந்தது. எதிரே நிற்கும் மரம் தெரிந்தது, அதற்கு அடுத்த மரம் தெரியவில்லை. சரிவு முழுக்க ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது சத்தத்தில்தான் தெரிந்தது. அங்கங்கே ஒரு தலைப்பாகையும் குனிந்த முதுகும் வெள்ளைக்குள் தோன்றித் தோன்றி மறைந்தன. ஜீப் எந்த நிமிஷமும் வந்துவிடும். நான் ஊற்றுக்குப் பக்கத்தில் நின்று போனில் வீடியோவைப் போட்டுவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வகுப்பு டீச்சர் போல் முதல் பெயரைச் சொன்னேன்.

“சடையன்!”

பதில் இல்லை. ஒரு மண்வெட்டி மட்டும் நின்றது. அது மெதுவாகத் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் சருகில் காலடி. வெட்கப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“வெள்ளையன்! அலமேலு! காத்தாயி!”

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மண்வெட்டி நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் சருகில் ஒரு காலடி கிளம்பியது. யாரும் ஓடவில்லை. சாவு வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்புகிறவர்கள் மாதிரி நடந்து போனார்கள். அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பட்டியல் பாதியில் இருந்தது, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. பயத்தில் குரல் வேறு உயர்ந்துகொண்டே போனது. கத்தினேன் என்றே சொல்லவேண்டும். அந்தக் காட்டில் அதற்கு முன்னால் யாராவது அப்படிக் கத்தியிருப்பார்களா என்று தெரியாது. நான் சொன்ன ஒவ்வொரு பெயரையும் சரிவு ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னது, புதுப் பாடத்தை மனப்பாடம் செய்வதுபோல.

கடைசியில் ஒரே ஒரு மண்வெட்டிச் சத்தம்தான் மிச்சம் இருந்தது. பட்டியலிலும் ஒரே ஒரு பெயர்தான்.

“ராசாத்தி.”

வெட்டு நின்றது. பனிக்குள்ளிருந்து ராசாத்தி அக்கா வந்து என் முகத்துக்கு நேராக நின்றார். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவர் பார்த்த பார்வை அவருடைய எந்த ரகத்திலும் சேராது. கோபம்கூட இல்லை, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அப்புறம் மண்வெட்டியை என் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வீடியோவை நிறுத்தினேன். ஊற்று சொட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்காத மாதிரி இருந்தது. போனைப் பைக்குள் வைக்கக் குனிந்தேன்.

“வாணி.”

சரிவின் மேலே இருந்து வந்தது. அதட்டல் இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமான குரல்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயைப் பொத்திக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஊறிய பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. அதுவும் இவ்வளவு நேரம் யாராவது ஒருத்தராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்த வார்த்தை. நிமிர்ந்து நின்று, கணீரென்று,

“உள்ளேன் ஐயா!” என்றேன்.

அன்றைய அட்டெண்டன்ஸுக்குப் பதில் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆபீசில் நான் கலைவாணி. சின்னப்பாறையில் நான் மேடம். வாணி என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறவர்கள். அந்த மலையில் ஒரு ஈ காக்கைக்கும் அந்தப் பெயர் தெரியாது.

பதில் பேசாமல் போகவேண்டும் என்பதுதான் போயாயிற்று, திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும் என்ற விதியையாவது காப்பாற்றினேன். ஐயோ அம்மா என்று எடுத்த ஓட்டத்தில் எல்லைக் கல்லும் தெரியவில்லை, அதன் அருகில் இருந்த என் செருப்பும் தெரியவில்லை. ஜடை அவிழ்ந்து, துப்பட்டா முள்ளில் மாட்டிப் பிய்ந்து, மண் பாதை முழுக்க ஓடினேன். எதிரே பனிக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் வந்தன. அதைப் பார்த்து இன்னொரு தரம் அலறினேன். அது எங்கள் ஜீப்.

ஜீப்பில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: தலைவிரி கோலமாக, வெள்ளைச் சுடிதார் போட்ட ஒரு பெண் பனிக்குள்ளிருந்து அலறிக்கொண்டு வருகிறாள். டிரைவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ‘மோகினி’ என்று ஒரே சத்தம், ரிவர்ஸ் கியர். பெரிய சாரும் சென்னை மேடமும் திட்டக் கோப்புகளுமாக ஜீப் மரவள்ளிக் காட்டுப் பள்ளத்தில் போய்ச் சாய்ந்தது. நான் நிற்கவில்லை. நிற்பதாவது! சாலையில் வந்த பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் டிக்கெட் கேட்கக்கூட இல்லை.

வீட்டு வாசலில் அம்மா முதலில் என் காலைப் பார்த்தாள்.

“இன்னாடி, புதுச் செருப்பு எங்க?”

நடந்ததைச் சொன்னேன். அம்மா உப்பு மிளகாயை எடுத்து வந்து சுற்றிக் கொட்டாங்கச்சி நெருப்பில் போட்டாள்.

மறுநாள் பெரிய சார் என்னைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே கூட்டிப்போனார். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். சென்னை மேடமும் கூட வந்தார். அவர் வாட்டசாட்டமான, கோபமே வராத அம்மாள். (கோபம் வந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றும், அப்படி ஒரு அமைதி.) எல்லைக் கல்லுக்கு வெளியே ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஊர்க்கவுண்டர், அந்த ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற பெரியவர். அவர் பக்கத்தில் ராசாத்தி அக்கா.

“மேடம் எங்க எல்லார் பேரையும் சொல்லிட்டாங்க. இனிமே ஆடிக்குத்தான் நாங்க உள்ள போவ முடியும்” என்றார் ராசாத்தி அக்கா. “கோட மழ சித்திரையில வந்துடும். பள்ளம் பாதியில கெடக்குது. ஊத்து போனா நாங்க எங்கங்க போறது?”

“வேற ஆள் இல்லையா?” என்றார் பெரிய சார்.

“வேலைக்கு ஆவற ஆள் அத்தினி பேரும் உங்க பட்டியல்லதாங்க இருந்தோம். மிச்சம் இருக்கறது கெழடும் கொழந்தையும். மத்தவங்க கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் பூட்டாங்க.”

“நானே உள்ள போயி வெட்டறேன்க்கா” என்றேன். அழுகை வந்துவிட்டது. “என்னாலதானே ஆச்சு.”

“இருங்க. நீங்க ஏன் ஓடுனீங்க நேத்து?”

“என்னையும்... ஏதோ கூப்ட்டுச்சுக்கா.”

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

“பேர் சொல்லியா?”

“வூட்ல கூப்புடற பேர் சொல்லி.”

“பதில் குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.”

“இன்னான்னு?”

“உள்ளேன் ஐயான்னு.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று சிரிப்பை விழுங்கினார்கள். ஊர்க்கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நீங்களும் உள்ள போவக் கூடாது” என்றார். அதோடு தீர்ப்பு முடிந்தது.

சென்னை மேடம்தான் முதலில் வாய் திறந்தார். “பேர் சொல்லப்படாதவங்க யார் வேணும்னாலும் உள்ள போகலாமா?”

“தாராளமா போவலாங்க.”

மேடம் மெதுவாகத் திரும்பிப் பெரிய சாரைப் பார்த்தார். “உங்க ஆபீஸ்ல யார் பேரையும் யாரும் சொல்லலையே?”

வட்டாரச் செயல்திட்டம் ஒன்றை அதை எழுதியவர்களே மண்வெட்டி பிடித்து நிறைவேற்றியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். அடுத்த வாரத்திலிருந்து கணக்காளர், கணினி இயக்குநர், டிரைவர், பெரிய சார் என்று ஆபீசே ஜீப் ஏறி வந்து காட்டுக்குள் போனது. நான் குற்றவாளி, வெளியே கல்லின்மேல் உட்கார்ந்து ஊர் ஜனங்களோடு மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்றுகொண்டிருந்தேன். எல்லைக்கு வெளியே, மரங்களின் இடைவெளியில் சரிவு நன்றாகத் தெரிகிற ஒரு பாறையில் ராசாத்தி அக்கா உட்கார்ந்துகொண்டு வேலை வாங்குவார். ஒரு தட்டு என்றால் வெட்டு. இரண்டு தட்டு என்றால் இன்னும் ஆழமாக. தொடர்ந்து படபடவென்று தட்டினால் ‘வெட்டினது கோணல், மண்ணைத் தள்ளிட்டு மறுபடியும் வெட்டு’. பெரிய சாருக்குப் பெரும்பாலும் படபடதான்.

முதல் நாள் அவர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்புறம் உள்ளங்கை கொப்புளித்தது. அதற்கப்புறம் ஒருநாள் வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“ஏம்மா, நாங்க மேல வெட்டிக்கினு இருக்கும்போது ராசாத்தியம்மா ஒரு தட்டு தட்டினாங்களா?”

“இல்ல சார். அக்கா தண்ணி குடிக்க வூட்டுக்குப் போயிருக்காங்க.”

அவர் சரிவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். மறுநாளிலிருந்து வேலை வேகமாக நடந்தது. சித்திரையில் இடி இடித்து மழை கொட்டியபோது கடைசிப் பள்ளமும் தயாராக இருந்தது. தண்ணீர் அத்தனையும் சரிவிலேயே நின்று உள்ளே இறங்கியது. ஊற்று பிழைத்தது.

ஆனால் என் வேலை இன்னும் பிழைக்கவில்லை. சென்னை மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஊற்றைக் கண்காணிக்கும் பொறுப்பை மட்டும் கேள்விக்குறியாக விட்டுவிட்டார். உள்ளே போய்த் தண்ணீர் மட்டம் பார்க்க முடியாத ஒருங்கிணைப்பாளர் எதற்கு என்று கேட்டாராம். நியாயம்தான். “ஆடி வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன்” என்றார் பெரிய சார். “அன்னைக்கு நீ உள்ள போவலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க.”

ஆடித் திருவிழாவுக்கு அம்மாவும் அப்பாவும் கூடவே வந்தார்கள். அம்மா புளிசாதம் கட்டிக்கொண்டு, பெண்ணின் செருப்பு போன இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பினாள். அன்றைக்கும் பனி இறங்கியிருந்தது. எல்லைக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைத்தபிறகு ஊர்க்கவுண்டர் முறையைச் சொன்னார். பேர் சொல்லிக் கூப்பிட்டது யாரோ, அவர்தான் கல்லின் பக்கத்தில் நின்று தன் பேரைச் சொல்லி, கையைத் தட்டி, வெளியே போனவரை உள்ளே அழைக்கவேண்டும்.

ஊரைக் கூப்பிட்டது நான். எனவே கல்லின் பக்கத்தில் நின்று, “நான் கலைவாணி, நான் கூப்ட்டேன், நானே அழைக்கறேன்” என்று ஒவ்வொருவருக்காகத் தட்டினேன். சடையன் போனார், அலமேலு போனார், ராசாத்தி அக்கா என்னைத் தாண்டும்போது என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அழைக்க ஆளில்லாமல் வெளியே நின்றது நான் மட்டும்.

“இவங்களக் கூப்ட்டது யாரு?” என்றார் ஊர்க்கவுண்டர்.

நான் பெரிய சாரைப் பார்த்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். “ஏம்மா, என்னப் பாக்காத. நான் அன்னைக்கு ஜீப்ல இருந்தேன்.”

“சும்மா ஒரு தட்டு தட்டிடுங்க சார்” என்று கெஞ்சினேன்.

“அதான் கூடாது” என்றார் ஊர்க்கவுண்டர். “கூப்புடாதவங்க வந்து பொய்யா நின்னாங்கன்னு வெச்சிக்குங்க, அது அவங்க பேரக் கத்துக்கும். அந்தப் பேர ஆடிக்கெல்லாம் மறக்காது.”

பெரிய சார் இன்னும் இரண்டடி பின்னால் போனார். வேலை போச்சு, ஜவுளிக்கடைதான் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டபோது, புளிசாதத் தூக்கை அப்பா கையில் கொடுத்துவிட்டு அம்மா முன்னால் வந்தாள்.

“நான்தாங்க கூப்ட்டேன்.”

“நீங்க கீழ கச்சிராயபாளையத்துல இல்ல இருந்தீங்க?”

“ஆமாங்க. தெனமும் சோறு வடிச்சதும் வாசல்ல நின்னு ‘வாணி’ன்னு ஒரு கொரல் குடுப்பேன், இவ வூட்ல இருந்தாலும் இல்லன்னாலும். பழக்கம். அன்னைக்கும் குடுத்தேன்.”

“அவ கொரல் உளுந்தூர்பேட்டைக்கே கேக்குங்க” என்று அப்பா சாட்சி சொன்னார். உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்த ராசாத்தி அக்கா, “பெத்தவ கொரலு மலை ஏறாதா இன்னா?” என்று முடித்துவைத்தார்.

அம்மா கல்லின் பக்கத்தில் நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “எம்பேரு சரோஜா” என்று பனியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “நான்தான் கூப்ட்டேன். நானே அழைக்கறேன்.” தட்டினாள். நான் உள்ளே போனேன், ஊற்றின் மட்டத்தைப் பார்த்தேன், கண்ணீரோடு குறித்துக்கொண்டேன். வேலை நிலைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் யாரிடமோ அதற்குள் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒன்று தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

“அன்னைக்கு நான் சோறே வடிக்கலடி. கேஸ் தீந்துபோயி உங்கப்பா ஓட்டல்ல இட்லி வாங்கியாந்தாரு.”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “அப்ப ஏம்மா அப்படிச் சொன்ன?”

“உன் வேல பூடுமே.”

“பொய்யா நின்னா இன்னா ஆவும்னு அவர் சொன்னாரே, கேட்டியா இல்லியா?”

“கேட்டேன், கேட்டேன். காது நல்லாத்தான் இருக்குது. உன் பேர வெச்சிக்கினு இருக்கறதுக்கு எம்பேர வெச்சிக்கினு போவட்டும்” என்றவள், “இத உங்கப்பாகிட்ட சொல்லித் தொலைக்காத” என்று சொல்லிவிட்டுத் தூக்கைத் திறந்து மிச்சப் புளிசாதத்தை எனக்கு உருட்டிக் கொடுத்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்குக் கல்யாணம் ஆகி (ஜவுளிக்கடை இல்லை) எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே குடியிருக்கிறேன். இப்போதும் அம்மா வாசலில் நின்று சாப்பிடக் குரல் கொடுத்தால் அப்பா விடமாட்டார். “மெதுவாடி, மலையிலருந்து எவனாவது ‘உள்ளேன் ஐயா’ன்னு எறங்கி வந்துடப் போறான்” என்பார். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் கதையை முதலிலிருந்து கேட்டு, ஜீப் பள்ளத்தில் விழும் இடத்தில் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். என் கணவர் எனக்காகச் செருப்புக் கதையைத் தனியாக ஒருமுறை சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

ஆனால் பனி இறங்குகிற தை மாதத்துக் காலைகளில் நான் அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவேன். அப்போது வாசலில் யாராவது “சரோஜா” என்று கூப்பிட்டால், அது பால்காரரோ எதிர் வீட்டுக்காரரோ, அம்மாவை வாய் திறக்க விடுவதில்லை. நான்தான் முதலில் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.